பழைய சிஎன்சி இயந்திரத்தில் பேட்டரி மாற்றும் முறை

சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும்) இயந்திரத்தை இயக்கும் பழைய ஃபனுக் நிறுவனக் கன்ட்ரோலரின் நினைவகப் பேட்டரியை, எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு, கன்ட்ரோலருக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும்போதே மாற்றுங்கள். அச்சு எல்லைகள் (ஒவ்வொரு அச்சும் எதுவரை நகரலாம் என்பது), பேக்லாஷ் ஈடு (இயக்கத் தளர்வைச் சரிக்கட்டும் அளவு), டூல் ஆஃப்செட் (வெட்டுக்கருவிக்கான அளவுத் திருத்தம்) முதலிய பாராமீட்டர்களும் அளவுகளும், மின்சாரம் நின்றால் அழிந்துவிடும் எஸ்ரேம் நினைவகத்தில் இருப்பதால், இயந்திரம் அணைந்திருக்கையில் அவற்றைக் காப்பது அந்தப் பேட்டரி மட்டுமே. மின்சாரம் இருக்கும்போதோ பவர் சப்ளையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. பேனலுக்குள் மின்னோட்டம் இருக்கும் என்பதால் இதைப் பழகிய எலெக்ட்ரீஷியனே செய்யட்டும். பாராமீட்டர்களை முன்னதாகவே நகலெடுத்து வைப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். பேட்டரி ஏற்கெனவே தீர்ந்து தரவு அழிந்துவிட்டால் இந்த முறை உதவாது. இயந்திரத்தோடு வந்த பாராமீட்டர் தாளைப் பார்த்து மறுபடியும் ஏற்றத்தான் வேண்டும். மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத ஈப்ராம் சில்லில் பதிந்த லேடர் நிரலுக்கு (இயந்திரத்தின் சுவிட்ச், ரிலே போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் நிரல்) இந்தக் கவலையே இல்லை.