டிஆர்பிடி: இரண்டு சர்வர்களின் வட்டுகளைக் கட்டளைவரியிலிருந்து இணைத்து வைப்பது

ஒரு சர்வரில் எழுதப்படும் ஒவ்வொரு பிளாக்கையும் அதே நேரத்தில் இன்னொரு சர்வரின் வட்டிலும் எழுதுவதுதான் டிஆர்பிடி என்ற மென்பொருளின் வேலை. பிளாக் என்பது வட்டில் தரவு சேமிக்கப்படும் சிறு துண்டு. வியன்னாவைச் சேர்ந்த லின்பிட் நிறுவனம் உருவாக்கியது. 2010இல் வந்த லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) 2.6.33 முதல் கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. கெர்னலோடு வருவது 8.4 வரிசை, இங்கே சொல்வது தனியாக நிறுவ வேண்டிய 9ஆம் பதிப்புக்கு. கட்டளைகளை உச்சரிப்பாக எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். கிட்டத்தட்ட எல்லா வேலைக்கும் டிஆர்பிடிஏடிஎம் என்ற ஒரே கட்டளைதான். அதன்பின் உட்கட்டளை, பிறகு ரிசோர்ஸின் (இணைத்து வைக்கும் வட்டுகளின் தொகுதி) பெயர். கீழே உட்கட்டளையையும் ரிசோர்ஸின் பெயரையும் மட்டும் சொல்கிறோம்.

தொடங்கும் முன்பே ஒன்றை மனதில் வையுங்கள்: இது பேக்கப் அல்ல. இந்தப் பக்கம் ஒரு கோப்பை அழித்தால் அந்தப் பக்கமும் அழிந்துவிடும். பேக்கப் தனியாக இருந்தே ஆக வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் இரண்டு சர்வர்கள்: அல்லி, தாமரை. இரண்டிலும் 200 ஜிபி அளவில் ஒரு எல்விஎம் (வட்டிடத்தைப் பகுத்துத் தரும் லினக்ஸ் வசதி) வால்யூம். ரிசோர்ஸின் பெயர் ஆர்0. எல்விஎம் இல்லாமல் நேரடிப் பார்ட்டிஷனிலும் செய்யலாம். ஆனால் எல்விஎம் இருந்தால் சிக்கலான நேரத்தில் ஸ்னாப்ஷாட் (வால்யூமின் அந்த நொடி நிலையின் நகல்) எடுக்க முடியும். அதற்காக வால்யூம் குரூப்பில் (வால்யூம்களுக்கு இடம் தரும் மொத்தத் தொகுப்பு) 20 ஜிபியாவது காலியாக விடுங்கள்.

ஈடிசி அடைவில் டிஆர்பிடி.டி என்ற உள் அடைவு இருக்கும். அதில் ஆர்0.ரெஸ் என்று ஒரு கோப்பு. டிஆர்பிடி சாதனம் எது, அடியில் உள்ள வால்யூம் எது, மெட்டாடேட்டா (டிஆர்பிடி தனக்காக எழுதி வைக்கும் குறிப்புகள்) இன்டர்னல், ஒவ்வொரு சர்வரின் ஐபி முகவரி, போர்ட் 7788, நோட்-ஐடி 0, 1 ஆகியவை அதில் வர வேண்டும். கோப்பு இரண்டு சர்வரிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். சர்வர் பெயர், யூநேம் -என் கட்டளை காட்டும் பெயரோடு அப்படியே பொருந்த வேண்டும். டொமைன் பெயர் ஒட்டிக்கொண்டு வந்தால், இந்த ரிசோர்ஸ் தனக்கானதே அல்ல என்று கட்டளை ஒதுங்கிக்கொள்ளும். நோட்-ஐடியைப் பிறகு மாற்றாதீர்கள். மெட்டாடேட்டா அதை நம்பித்தான் இருக்கிறது. இன்னொரு ரிசோர்ஸ் சேர்த்தால் அதற்கு வேறு போர்ட், 7789 போல. ஃபயர்வாலில் அந்தந்த டிசிபி போர்ட்டைத் திறந்துவிடுங்கள்.

எழுதியாயிற்று என்று எப்போது சொல்வது என்பதற்கான விதிதான் புரோட்டோகால். அது மூன்று உண்டு. ஏ: தன் வட்டில் எழுதி, தகவல் தன்னுடைய டிசிபி பஃபருக்குப் போனாலே எழுதியாயிற்று என்று சொல்லிவிடும். பி: எதிர்ச் சர்வரின் நினைவகத்தை அடைய வேண்டும். சி: இரண்டு வட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே அறையில் இருக்கும் சர்வர்களுக்கு சி-யைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டோம். தொலைதூர இணைப்பில் தாமதம் தாங்காது என்றால் மட்டும் ஏ.

எழுதி முடித்ததும் டம்ப் உட்கட்டளையைக் கொடுங்கள். இலக்கணப் பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து இரண்டு சர்வரிலும் கிரியேட்-எம்டி ஆர்0. மெட்டாடேட்டா வால்யூமின் கடைசிப் பகுதியில் உட்காரும். 1 டிபிக்கு ஏறத்தாழ 32 எம்பி என்ற கணக்கில் 200 ஜிபிக்கு 7 எம்பி கூட ஆகாது. வால்யூமில் ஏற்கெனவே கோப்பு முறைமை இருந்தால் கட்டளை மறுக்கும், ஏனென்றால் அந்தக் கடைசிப் பகுதியில் உங்கள் தரவு இருக்கலாம். வேண்டிய தரவு என்றால் முதலில் கோப்பு முறைமையைச் சுருக்குங்கள். வேண்டாதது என்றால் வைப்எஃப்எஸ் கொண்டு துடையுங்கள். பிறகு இரண்டிலும் அப் ஆர்0.

இப்போது ஸ்டேட்டஸ் ஆர்0 பாருங்கள். இரு பக்கமும் செகண்டரி (பிரதியை மட்டும் வாங்கிக்கொள்ளும் பக்கம்; எழுதும் பக்கம் பிரைமரி), வட்டு இன்கன்சிஸ்டன்ட் என்று வரும். பயப்பட வேண்டாம்; எது சரியான பிரதி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இணைப்பு நன்றாக இருந்தால் கனெக்‌ஷன் என்ற வரியே வராது. கனெக்டிங் என்று நின்றுகொண்டே இருந்தால் முதலில் ஃபயர்வால், பிறகு ஐபி பாருங்கள். ஸ்டாண்ட்அலோன் (இணைப்பு துண்டிக்கப்பட்ட நிலை) என்று நின்றால், கோப்பில் ஷேர்ட்-சீக்ரெட் என்ற கடவுச்சொல் வைத்திருந்தால் அது இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அல்லியில் மட்டும் பிரைமரி --ஃபோர்ஸ் ஆர்0. ஒரு ரிசோர்ஸின் வாழ்நாளில் --ஃபோர்ஸ் தேவைப்படும் இடம் பெரும்பாலும் இது ஒன்றுதான். பழைய தரவு இருக்கும் வால்யூம் என்றால் தரவு இருக்கும் சர்வரிலேயே இதைக் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் காலி வட்டு வந்து நிறைந்த வட்டின் மேல் எழுதும். ஒத்திசைவு தொடங்கியதும் சதவீதம் ஓடும். 1 ஜிகாபிட் இணைப்பில் 200 ஜிபிக்கு அரை மணி நேரம்போல ஆகும். முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. /டெவ்/டிஆர்பிடி0 மீது கோப்பு முறைமை உருவாக்கி மவுண்ட் செய்யலாம். அடியில் உள்ள எல்விஎம் வால்யூமை நேரடியாகத் தொடவே கூடாது.

வேலையைத் தாமரைக்கு மாற்ற: அல்லியில் சர்வீஸ்களை நிறுத்தி, அன்மவுண்ட் செய்து, செகண்டரி ஆர்0. தாமரையில் பிரைமரி ஆர்0, பிறகு மவுண்ட். சாதனம் யாரோ பிடித்து வைத்திருப்பதாகப் பிழை வந்தால், திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கொண்டு தேடுங்கள். அதில் ஒன்றும் தெரியவில்லையானால் என்எஃப்எஸ் ஏற்றுமதியோ (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிர்வது), டிஆர்பிடிக்கு மேல் கட்டிய எல்விஎம்மோ பிடித்திருக்கும். அல்லி திடீரென்று செத்துப்போனால் தாமரையில் பிரைமரி ஆர்0 மட்டும் போதும், வட்டு அப்டுடேட் என்று இருக்கும்வரை. கட்டளை மறுத்தால் தாமரையிடம் இருப்பது பழைய பிரதி என்று பொருள். அந்த மறுப்பை --ஃபோர்ஸ் கொண்டு உடைப்பவர்கள்தான் பெரும்பாலும் தரவை இழக்கிறார்கள்.

இனி ஸ்ப்ளிட்-பிரெயின். நடுவில் கேபிள் அறுந்திருந்த வேளையில் இரு பக்கமும் பிரைமரியாகி, இரு பக்கமும் எழுதப்பட்டால், மறுபடி சந்திக்கும்போது வரலாறு ஒத்துவராமல் டிஆர்பிடி இணைப்பைத் துண்டித்துவிடும். ஸ்டேட்டஸில் ஸ்டாண்ட்அலோன் என்று நிற்கும். கெர்னல் லாக்கில் ஸ்ப்ளிட்-பிரெயின் கண்டதாகச் செய்தி இருக்கும். இரண்டையும் கலக்க வழியே இல்லை. ஒன்றைக் கைவிட்டாக வேண்டும்.

எதைக் கைவிடுவது என்பதை எந்தச் சர்வர் கடைசியாக எழுந்தது என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். பயனர்களின் கோரிக்கைகள் எங்கே போயின, டேட்டாபேஸில் கடைசி வரிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். தாமரையைக் கைவிடுவதாக வைத்துக்கொள்வோம். அங்கே அன்மவுண்ட் செய்து, அடியில் உள்ள வால்யூமுக்கு எல்விஎம் ஸ்னாப்ஷாட் எடுங்கள். தாமரையில் மட்டும் பதிவான தரவு இனி அங்கேதான் மிஞ்சும். பின்னர் அதை மவுண்ட் செய்யும்போது கோப்பு முறைமையின் வகையை வெளிப்படையாகச் சொல்லுங்கள், ஈஎக்ஸ்டி4 என்பதுபோல. இல்லாவிட்டால் டிஆர்பிடி வட்டு என்று கண்டு மறுக்கும்.

பிறகு தாமரையில் டிஸ்கனெக்ட் ஆர்0, செகண்டரி ஆர்0, கனெக்ட் --டிஸ்கார்டு-மை-டேட்டா ஆர்0. பெயரிலேயே இருக்கிறது: என் தரவைத் தூக்கிப் போடு. எண்டர் தட்டும் முன் எந்தச் சர்வரின் திரையில் இருக்கிறீர்கள் என்று ஹோஸ்ட்நேம் கொடுத்துப் பாருங்கள். அல்லியும் ஸ்டாண்ட்அலோனில் இருந்தால் அங்கே வெறும் கனெக்ட் ஆர்0. மாறிய பிளாக்குகள் மட்டுமே நகரும் என்பதால் பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடும். ஒத்திசைவு ஓடும்போது ஸ்னாப்ஷாட் எவ்வளவு நிரம்புகிறது என்று எல்விஎஸ் கொண்டு கவனியுங்கள்; 100 சதவீதம் ஆனால் ஸ்னாப்ஷாட் பயனற்றுப் போகும்.

மாதம் ஒருமுறை வெரிஃபை ஆர்0 ஓட்டுங்கள். இரு வட்டிலும் உள்ள தரவு ஒன்றா என்று அது ஒப்பிட்டுப் பார்க்கும். அதற்கு ஆர்0.ரெஸ் கோப்பின் நெட் பகுதியில் வெரிஃபை-ஆல்க் என்பதில் சிஆர்சி32சி போன்ற ஒரு சரிபார்ப்பு முறையைக் குறித்து, அந்த மாற்றம் நடைமுறைக்கு வர அட்ஜஸ்ட் ஆர்0 கொடுத்திருக்க வேண்டும். வேறுபட்ட பிளாக்குகளை வெரிஃபை குறித்துத்தான் வைக்கும், திருத்தாது. டிஸ்கனெக்ட், கனெக்ட் செய்தால்தான் அவை சரியாகும். ஸ்வாப் வைத்த சாதனங்களில் பொய்யான வேறுபாடுகள் வருவது இயல்பு.

ஸ்ப்ளிட்-பிரெயின் வராமலே இருக்க மூன்றாவதாக ஒரு சர்வரைச் சேர்க்கலாம். அதற்கு வட்டு வேண்டியதில்லை, வாக்கு போட்டால் போதும். மூன்றுக்கும் இடையே இணைப்பு அமைத்து, அதே கோப்பின் ஆப்ஷன்ஸ் பகுதியில் கோரம் (எழுதத் தேவையான வாக்கு எண்ணிக்கை) மெஜாரிட்டி என்று எழுதுங்கள். பெரும்பான்மையை இழந்த பக்கம் எழுத முடியாமல் நின்றுவிடும். ஆன்-நோ-கோரம் என்பதற்கு ஐஓ-எரர் கொடுத்தால் நிரல்களுக்கு உடனே பிழை போகும். சஸ்பெண்ட்-ஐஓ கொடுத்தால் இணைப்பு திரும்பும்வரை அவை உறைந்து நிற்கும். ஃபெயில்ஓவரை (ஒரு சர்வர் விழுந்தால் வேலையை மற்றதற்கு மாற்றுவது) பேஸ்மேக்கர் என்ற மென்பொருள் தானாக நடத்துகிறது என்றால் ஐஓ-எரர். ஆள் வந்து கையால் பார்ப்பார் என்றால் சஸ்பெண்ட்-ஐஓ.