மூலிகைச் சோப்பு: காரத்தில் எது தாங்கும், எது கருகும்?

செம்பருத்திப் பூவை அரைத்துக் கலந்தால் சிவப்புச் சோப்பு வராது. அச்சில் ஊற்றும்போதே அழுக்குப் பச்சையாகி, சில வாரங்களில் மண் நிறத்துக்கு வந்துவிடும். பீட்ரூட் சாறு பழுப்பாகும், சங்குப்பூவின் நீலம் ஓடிப்போகும், ரோஜா இதழ் காய்ந்த புகையிலைபோல் தெரியும். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான், எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடா என்ற காரம். எண்ணெய் சோப்பாக மாறும் முதல் ஒன்றிரண்டு நாளில் கலவையின் காரம் மிகக் கடுமையாக இருக்கும். அதைத் தாங்காத பொருளை எவ்வளவு கொட்டினாலும் வீண்.

எது தாங்கும் என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஆரத்தி கரைப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்: மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறது அல்லவா? வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பைச் சுண்டைக்காய் அளவு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கரையுங்கள். இரண்டு மணி நேரம் தெளியவிட்டு மேல் நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். சேர்க்க நினைக்கும் பொடியில் கால் ஸ்பூன் அதில் போட்டு மறுநாள் பாருங்கள். அது எந்த நிறத்துக்குப் போகிறதோ, சோப்பும் ஏறக்குறைய அந்தப் பக்கமே போகும். கண்ணில் மட்டும் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பதிவில் செய்யப்போவது குப்பைமேனி–மஞ்சள் சோப்பு. அடுப்பில் வைக்காமல் செய்யும் கோல்டு பிராசஸ் முறை.

அளவு (100 கிராம் சோப்பு ஏழு வரும்)

தேங்காய் எண்ணெய் – 250 கிராம்
குப்பைமேனி ஊறிய கடலை எண்ணெய் – 200 கிராம்
விளக்கெண்ணெய் – 50 கிராம்
காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) – 74 கிராம்
தண்ணீர் (காய்ச்சி வடித்த டிஸ்டில்டு வாட்டர்) – 160 கிராம்
குப்பைமேனிப் பொடி – 2 டீஸ்பூன்
மஞ்சள் தூள் – அரை டீஸ்பூன்

எல்லாம் கிராம் கணக்கு, மில்லி கணக்கு இல்லை. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் ஒரு கிலோ எடை இருக்காது, சுமார் 920 கிராம்தான். டம்ளரில் அளந்து ஊற்றுபவரின் சோப்பு எரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஒரு கிராம் துல்லியம் காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் தொடங்காதீர்கள்.

74 கிராம் எப்படி வந்தது? ஒவ்வொரு எண்ணெயும் சோப்பாக வேறுவேறு அளவு காரம் கேட்கும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம், கடலை எண்ணெய்க்கு 0.137, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 45.75 + 27.4 + 6.4 = 79.55. இதை அப்படியே போட்டால் எண்ணெய் மிச்சமே இருக்காது, தோல் வறளும். அதனால் 7 சதவீதம் குறைத்து 74. எண்ணெயை மாற்றினால் இந்தக் கணக்கையும் மாற்ற வேண்டும். கடலை எண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயையே ஊற்றிவிட்டு அதே 74 கிராம் போட்டால் காரம் போதாமல் சோப்பு பிசுபிசுப்பாக நிற்கும். தலைகீழாக மாற்றினால் காரம் மிஞ்சித் தோலைச் சுடும். வேப்பெண்ணெய் சேர்க்க ஆசையா? கடலை எண்ணெயில் 50 கிராம் குறைத்து அதே எடைக்கு வேப்பெண்ணெய் ஊற்றலாம். அதன் தேவை 0.139 என்பதால் கணக்கு மாறாது. வாசனையை மட்டும் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: எண்ணெயில் ஊறவைத்தல்

பச்சை இலையை அரைத்து ஊற்றும் வீடியோக்கள் நிறைய உண்டு. வேண்டாம். சாற்றின் ஈரம் தண்ணீர்க் கணக்கைக் குலைக்கும், இலைத் துணுக்குகள் கறுத்து, சோப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். குப்பைமேனியை வேரும் காம்பும் நீக்கி, அலசி, நிழலில் ஐந்தாறு நாள் காயவிடுங்கள். விரலால் நசுக்கினால் அப்பளம்போல் நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

காய்ந்த இலை 25 கிராம், கடலை எண்ணெய் 250 கிராம். இரண்டையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, கொதிக்காத வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இரண்டு மணி நேரம் இளஞ்சூட்டில் விடுங்கள். எண்ணெய் பொரியக் கூடாது. தலைக்கு எண்ணெய் காய்ச்சும் பழக்கத்தில் முறுகவிட்டால் பச்சை போய்க் கறுப்பு வரும். மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்டினால் 200 கிராமுக்கு மேல் கிடைக்கும். குறைந்தால் வெறும் கடலை எண்ணெய் சேர்த்து 200 ஆக்குங்கள்.

மேலே சொன்ன 2 டீஸ்பூன் பொடிக்கு, காய்ந்த இலையைத் தனியாக மிக்ஸியில் அரைத்துத் துணியில் சலியுங்கள். சித்த மருத்துவத்தில் வஸ்திரகாயம் என்பார்களே, அதேதான். சல்லடைப் பொடி உடம்பைக் கீறும்.

காரக் கரைசல்

இந்த வேலையில் அவசரமும் பக்கத்தில் குழந்தையும் ஆகாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். ஜன்னல் திறந்திருக்கட்டும். பாத்திரம் எவர்சில்வர் அல்லது கனமான பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக், அடியில் 5 என்று போட்டிருக்கும். அலுமினியம் கூடவே கூடாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். சாக்கடை அடைப்பு எடுக்கும் பாக்கெட் பொடியில் அலுமினியத் துணுக்குகள் கலந்திருக்கலாம். அதைக் காஸ்டிக் சோடா என்று நினைத்து வாங்காதீர்கள்.

தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக, கிளறிக்கொண்டே. காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரையும்போது சூடு 80 டிகிரியைத் தாண்டும், ஆவியை முகர்ந்துவிடாதீர்கள். தோலில் பட்டால் வினிகர் தேட வேண்டாம், குழாயைத் திறந்து 15 நிமிடமாவது கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

கரைசல் தெளிந்து 40 டிகிரிக்கு வரும்வரை காத்திருங்கள். சித்திரை வெயிலில் அதுவாக ஆறாது, தண்ணீர்த் தட்டில் வையுங்கள். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும், அதை உருக்கி மற்ற எண்ணெய்களோடு கலந்து அதே சூட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

கலக்குதல்

1. மூன்று எண்ணெயிலிருந்தும் இரண்டு ஸ்பூன் எடுத்து, குப்பைமேனிப் பொடியையும் மஞ்சளையும் கட்டியில்லாமல் குழைத்து வையுங்கள்.

2. மீதி எண்ணெயில் காரக் கரைசலை மெல்ல ஊற்றுங்கள். ஹேண்ட் பிளெண்டரை ஐந்து நொடி ஓட்டி, பத்து நொடி நிறுத்திக் கையால் கிளறி, மறுபடி ஓட்டுங்கள். பிளெண்டரின் தண்டு எவர்சில்வர்தானா என்று முன்பே பாருங்கள், மலிவான சிலவற்றில் அலுமினியம் இருக்கும். பிளெண்டர் இல்லாவிட்டால் மத்தால் கடையலாம், முக்கால் மணி நேரம் ஆகலாம்.

3. ரவா தோசை மாவு பதத்திலிருந்து கெட்டிப்பட்டு ஊத்தப்ப மாவு பதத்துக்கு வரும். கரண்டியால் மேலே கோடு இழுத்தால் கோலம்போல் நிற்க வேண்டும். இதற்குத்தான் டிரேஸ் என்று பெயர். எண்ணெய்த் திட்டு மிதந்தால் இன்னும் ஆகவில்லை.

4. இப்போது குழைத்த பொடியைச் சேருங்கள். மஞ்சள் விழுந்ததும் செங்கல் சிவப்பாகும், பயப்பட வேண்டாம். காரம் எண்ணெயோடு சேரச் சேர சிவப்பு தணிந்து, குப்பைமேனியின் பச்சையோடு கடுகு நிறத்தில் நிற்கும். சுண்ணாம்புச் சோதனை மஞ்சள் விஷயத்தில் கொஞ்சம் மிகைப்படுத்தும் என்பது இதனால்தான். மணம் வேண்டுமானால் எலுமிச்சைப்புல் தைலம் 8 கிராம். எலுமிச்சைத் தோல் எண்ணெயின் மணம் காய்வதற்குள் பறந்துவிடும். கிராம்புத் தைலம் ஊற்றினால் கலவை கண்ணெதிரே கல்லாகும், தோலுக்கும் உறுத்தும்.

5. சிலிகான் அச்சிலோ பட்டர் பேப்பர் விரித்த பிளாஸ்டிக் டப்பாவிலோ ஊற்றித் தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் வெட்டலாம். அதுவரை கையுறை கழற்றக் கூடாது.

வெட்டியதை நிழலில், காற்றோட்டமாக, இடைவெளி விட்டு அடுக்கி 4 முதல் 6 வாரம் காயவையுங்கள். இரும்புக் கம்பித் தட்டு வேண்டாம், சோப்பில் கறை ஏறும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி மழையில் சோப்பு வியர்க்கும். அது கிளிசரின் ஈரத்தை இழுப்பது, கெட்டுப்போனதல்ல. ஆறு வாரம் கழித்து ஈர விரலால் சோப்பைத் தேய்த்து நாக்கு நுனியில் தொடுங்கள். பேட்டரியைத் தொட்டதுபோல் சுர்ரென்றால் காரம் மிச்சம் இருக்கிறது, குளிக்க ஆகாது.

வேறு பொருட்கள், 500 கிராம் எண்ணெய்க்கு

கசகசா ஒரு டீஸ்பூன்: நிறம் மாறாது, அழுக்கு தேய்க்க நல்லது. கொட்டாங்குச்சிக் கரித்தூள் ஒரு டீஸ்பூன், காவி மண் அரை டீஸ்பூன்: இரண்டும் எத்தனை மாதமானாலும் அப்படியே நிற்கும். முல்தானி மட்டி ஒரு டேபிள்ஸ்பூன் போடலாம். ஆனால் அது கலவையின் தண்ணீரை உறிஞ்சி வெடிப்பு விடும், அதே அளவு தண்ணீரில் முதலில் குழைக்க வேண்டும்.

நிறத்துக்கு வேம்பாளம்பட்டை போட்டு ஊறவைத்துப் பாருங்கள். எண்ணெயில் ரத்தச் சிவப்பாக இறங்கும் அதே சாயம், காரம் பட்டதும் ஊதாவாகும். பூக்களை நம்பி ஏமாந்தவர்களுக்கு இது ஆறுதல். பட்டையின் தரம் கடைக்குக் கடை மாறும் என்பதால் முதலில் சிறிய அளவில்.

தேங்காய்ப்பால், கற்றாழை: தண்ணீருக்குப் பதிலாக முழுவதும் ஊற்றுவதுதான் பொதுவான தவறு. சூடான காரத்தில் சர்க்கரைச் சத்து கருகி ஆரஞ்சு நிறமும் ஒரு நாற்றமும் வரும். காஸ்டிக் சோடாவை 80 கிராம் தண்ணீரில் மட்டும் கரையுங்கள், அதன் எடைக்குக் குறைவான தண்ணீரில் அது முழுதாகக் கரையாது. மீதி 80 கிராமுக்குப் பாலையோ கற்றாழைச் சோற்றையோ நன்றாக அடித்து எண்ணெயில் கலந்துவிடுங்கள். இந்தச் சோப்பைத் துணி போர்த்தி மூடாதீர்கள். தேனும் அப்படியே: ஒரு டீஸ்பூன், இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து. அதற்கு மேல் போனால் சூடேறி அச்சிலிருந்து பொங்கி வழியும்.

எலுமிச்சைச் சாறு எதற்கும் பயனில்லை. புளிப்பு கொஞ்சம் காரத்தைத் தின்று தீர்ந்துவிடும். சீயக்காய்ப் பொடி கண்ணில் பட்டால் எரியும், பட்டைத் தூள் தோலை எரிக்கும். கடலை மாவும் பாசிப்பயறு மாவும் ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம்.

மூலிகையின் மருந்துக் குணம் எவ்வளவு மிஞ்சும்? காரம் தின்றதுபோக மிச்சம்தான். அதுவும் உடம்பில் ஒரு நிமிடம் நின்று தண்ணீரோடு போய்விடுகிறது. சொறி சிரங்கு தீரும் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். நல்ல சோப்பு, அவ்வளவே.

மேலே வெள்ளையாகப் பொடி படிந்தால் அது சோடாச் சாம்பல், தீங்கில்லை, ஈரத் துணியால் துடைத்தால் போகும். நடுவில் வெடித்தால் சூடு அதிகம். இரண்டு மூன்று மாதத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள் தோன்றிச் சிக்கு வாடை வந்தால் எண்ணெய் பழையது, அல்லது சூரியகாந்தி எண்ணெய் அதிகம், அல்லது இலைப்பொடி அதிகம். அடுத்த முறை பொடியை ஒரு டீஸ்பூனாகக் குறைத்து, புதிதாக ஆட்டிய எண்ணெய் வாங்குங்கள். வெயில் படும் குளியலறை ஜன்னலில் வைத்தால் மஞ்சள் வெளுத்துவிடும்.