புயல் வருமுன் வீட்டையும் மனத்தையும் ஆயத்தம் செய்வது எப்படி?

புயல் எச்சரிக்கை வந்ததும் நம்மில் பலர் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முடிவு செய்யாத காரியங்கள் கையில் இருக்கும்வரை மனம் அடங்காது. ஆகவே, அமைதிக்கான வேலையை முடிவுகளிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: தங்குவதா, வெளியேறுவதா?

இதை முதலில் தீர்மானியுங்கள். புயல்களில் காற்றைவிட நீரே அதிக உயிர்களைப் பறித்திருக்கிறது. கரையைக் கடக்கும் புயல் கடல்மட்டத்தை உயர்த்தி, அலையை ஊருக்குள் தள்ளிவிடும். உங்கள் வீடு தாழ்வான பகுதியிலோ, கடலோரத்திலோ, ஆற்றங்கரையிலோ இருந்தால், அல்லது கூரை உறுதியற்றதாக இருந்தால், வெளியேறும்படி அதிகாரிகள் அறிவித்தவுடன் பகல் வெளிச்சத்திலேயே புறப்பட்டுவிடுங்கள். கடைசி நேரம்வரை காத்திருப்பது துணிவாகாது. வேகமாக ஓடும் நீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே பெரியவர் ஒருவரைத் தடுமாறி விழச் செய்யும், 60 செ.மீ. இருந்தால் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் சென்றுவிடும்.

படி 2: மின்சாரம் இருக்கும்போதே

தங்குவதென்று முடிவானால், மின்சாரம் தேவைப்படும் வேலைகளை முதலில் முடியுங்கள். மேல்தொட்டியை நிரப்புங்கள், கைபேசிகளுக்கும் பவர் பேங்குகளுக்கும் முழுமையாகச் சார்ஜ் ஏற்றுங்கள். குடிப்பதற்கும் அத்தியாவசியத் தேவைகளுக்குமாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்ற கணக்கில், குறைந்தது 3 நாட்களுக்கான நீரை மூடிவையுங்கள். கழிப்பறைக்கான நீர் இந்தக் கணக்கில் சேராது; அதை வாளிகளில் தனியே பிடித்துவைக்க வேண்டும். ஃப்ரீசரில் இடமிருந்தால் நீர் நிரப்பிய பாட்டில்களை, மேலே சிறிது இடம் விட்டு, உறைய வையுங்கள். மின்சாரம் நின்ற பிறகும், கதவைத் திறக்காத ஃப்ரிட்ஜ் ஏறத்தாழ 4 மணி நேரமும், நிறைந்திருக்கும் ஃப்ரீசர் ஏறத்தாழ 48 மணி நேரமும் குளிர்ச்சியைக் காக்கும்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதை வீட்டுக்குள்ளோ, வராந்தாவிலோ, சன்னல் அருகிலோ இயக்கவே கூடாது. அதிலிருந்து வெளியேறும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழிக்காமலேயே இறந்துபோகக்கூடும்.

படி 3: வெளியே கிடப்பவை

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது. பூந்தொட்டி, நாற்காலி, தகரத்துண்டு ஆகிய எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவையுங்கள். சன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுவதால் கண்ணாடி உடையாமல் இருக்காது. டேப் ஒட்டச் செலவிடும் நேரத்தில் ஒட்டுப்பலகை (பிளைவுட்) பொருத்துவது பயன் தரும்.

படி 4: ஒரு பை

அடையாள அட்டைகள், வீட்டுப் பத்திரங்கள், ஒரு வாரத்திற்கான மருந்துகள், டார்ச், பேட்டரி வானொலி, சிறிது ரொக்கம் ஆகியவற்றை நீர்புகாத உறையில் இட்டு ஒரே பையில் வையுங்கள்.

படி 5: காத்திருக்கும் நேரம்

எனக்கு இதுவே மிகக் கடினமான பகுதியாகத் தோன்றுகிறது. மணிக்கு ஒருமுறை மட்டும் வானிலை அறிவிப்பைக் கேளுங்கள். உறுதி செய்யப்படாத செய்திகளை யாருக்கும் அனுப்பாதீர்கள். குழந்தைகளிடம் நடக்கப்போவதை மறைக்காமல், எளிய சொற்களில் சொல்லி, டார்ச்சைப் பார்த்துக்கொள்வது போன்ற சிறு பொறுப்பு ஒன்றைக் கொடுங்கள். நெஞ்சு படபடத்தால், மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டு, சில நிமிடங்கள் நிதானமாகச் சுவாசியுங்கள்.

காற்று வலுத்ததும், சன்னல்களிலிருந்து விலகி, உள்ளறை ஒன்றில் அனைவரும் சேர்ந்திருங்கள். காற்று திடீரென ஓய்ந்தால், புயலின் கண், அதாவது அதன் நடுவிலுள்ள அமைதியான பகுதி, உங்கள் தலைக்கு மேல் கடந்துகொண்டிருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வலுவுடன் காற்று மீண்டும் அடிக்கும். புயல் முற்றிலும் கடந்துவிட்டதாக அதிகாரபூர்வ அறிவிப்பு வரும்வரை கதவைத் திறக்காதீர்கள்.