நுவரெலியாவில் வாடகையைக் குறைத்தது எப்படி

கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக இலங்கையின் மலைநகரமான நுவரெலியா வந்தவன் நான். கிரகரி வாவிக்கு மேலே ஓர் அடுக்குமாடி வீடு பிடித்துப்போனது. வீட்டுக்கார ஐயா கேட்டது மாதம் 450 டொலர், ஆறு மாத முற்பணம். "வெளிநாட்டுக்காரருக்கு இதெல்லாம் பெரிசா தம்பி?" என்றார். என் சம்பளம் இலங்கை ரூபாயில் என்றால் நம்பவே இல்லை. டொலர் கணக்கு எனக்குப் பயம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயாக இருந்தது, மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டதே!

முதலில் சும்மா கெஞ்சினேன். பத்து டொலர்கூட இறங்கவில்லை.

ஜூனில், தென்மேல் பருவமழை கொட்டிய ஒரு நாள் மறுபடி போனேன். வீடு காலியாகவே கிடந்தது. ஜன்னலோரச் சுவரில் கரும்பூஞ்சணம். விரல் வைத்தால் சுண்ணாம்பு உதிர்ந்தது. நான் குறை சொல்லவில்லை. "இந்த மழையில யார் வரப்போறாங்க ஐயா?" என்று மட்டும் கேட்டேன். தேத்தண்ணி வந்தது. நல்ல சகுனம்.

அவருக்கு உண்மையான காசு ஏப்ரல் சீசனில்தான். புத்தாண்டுக்குக் கொழும்புக் கூட்டம் மலையேறும்போது நாள் வாடகைக்கு விடலாம். நானோ சித்திரைக்கு எப்படியும் ஊருக்குப் போகிறவன். "ஏப்ரல் முழுக்க வீடு உங்களுக்கு. மிச்சப் பதினொரு மாதம் எனக்கு, ரூபாயில்" என்றேன். தேத்தண்ணி ஆறும்வரை யோசித்தார்.

மாதம் 1,05,000 ரூபாய், மூன்று மாத முற்பணம், சுவர் வேலை அவர் செலவு. ஏப்ரல் விஷயத்தையும் சேர்த்து நொத்தாரிசிடம் ஒப்பந்தமாக எழுதிக்கொண்டோம். என் சாமான்களுக்கு ஒரு அலுமாரி, பூட்டோடு.