விசா விதி மாறும்போது: செட்டிநாட்டிலிருந்து படிக்கப் போகிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போன, போகப்போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். விசா விதி மாறுகிறது என்றதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பயம் முதலில் வந்துவிடும், தேதி மட்டும் வராது. ஆனால் மாற்றம் உங்களைத் தொடுமா தொடாதா என்பது பெரும்பாலும் தேதியில்தான் இருக்கிறது. எந்த நாளிலிருந்து அமல்? ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் உண்டா? கணக்கு விண்ணப்பம் போட்ட நாளா, படிப்பு தொடங்கிய நாளா? இந்த மூன்றையும் அந்தந்த அரசின் இணையதளத்தில் பார்த்த பிறகு கவலைப்படலாம்.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்தபின் தங்கி வேலை பார்க்கும் கிராஜுவேட் விசா, 2026 டிசம்பர் 31 வரை விண்ணப்பிப்பவர்களுக்கு 2 வருடம். 2027 ஜனவரி 1 முதல் போட்டால் 18 மாதம்தான். பிஎச்டி முடித்தவர்களுக்கு மட்டும் 3 வருடம் அப்படியே இருக்கிறது. இங்கே கணக்கு விண்ணப்ப நாள். 2025 செப்டம்பரில் ஒரு வருட எம்எஸ்சி சேர்ந்தவர், தேறிவிட்டார் என்று பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்த பிறகே இதைப் போட முடியும். நவம்பரில் முடிவு வந்தால் நிம்மதி. ஆய்வறிக்கைக்கு ஒரு மாதம் நீட்டிப்பு வாங்கி, முடிவு ஜனவரிக்குத் தள்ளிப்போனால் ஆறு மாதம் போயிற்று. நீட்டிப்பு கேட்கும் முன் துறை அலுவலகத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “முடிவை உள்துறைக்கு எந்தத் தேதியில் அனுப்புவீர்கள்?”

முன்னறிவிப்பே இல்லாமலும் விதி மாறும். மாணவர் விசாவுக்கு இருந்த எஸ்டிஎஸ் என்ற விரைவு வழியைக் கனடா மூடியது 2024 நவம்பர் 8 அன்று. அறிவிப்பும் அமலும் ஒரே நாள். அன்று கிழக்குக் கனடா நேரம் பிற்பகல் 2 மணிக்கு முன் போய்ச் சேர்ந்த விண்ணப்பங்களுக்கே பழைய வழி. ஆஸ்திரேலியாவில் ஜூலை 1-ஐக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மாணவர் விசா கட்டணம் 2024 ஜூலை 1-இல் 710 டாலரிலிருந்து 1,600 ஆனது, அடுத்த ஜூலை 1-இல் 2,000 ஆனது. ஜூன் 25-க்குள் போட முடிகிற விண்ணப்பத்தை நல்ல நாள் பார்த்து ஜூலைக்குத் தள்ளாதீர்கள்.

முன்மொழிவு வேறு, விதி வேறு. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் படிப்பு முடியும்வரை தங்கலாம் என்பதை மாற்றி, அதிகபட்சம் 4 வருடம் என்று தேதி குறிக்கும் முன்மொழிவு 2025 ஆகஸ்டில் வெளியானது. அங்கே முன்மொழிவு வந்தால் பொதுமக்கள் கருத்துக் கேட்டு, இறுதி விதியை அமல் தேதியோடு வெளியிட வேண்டும். அதுவரை பழையதே நடக்கும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் “உடனே பணம் கட்டுங்க” என்கிற கன்சல்டன்சியிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் காட்டுவது

நம் ஊர்க் குடும்பங்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கதவு திறந்தது. கடல் தாண்டிப் பணம் அனுப்புவது நமக்குப் புதிதில்லை. ஆனால் விசா அதிகாரி பார்ப்பது குடும்பத்தின் வசதியை இல்லை, ஸ்டேட்மெண்டைத்தான்.

பிரிட்டனுக்கு 2025 நவம்பர் 11 முதல் லண்டனில் மாதம் 1,529 பவுண்ட், வெளியே 1,171 பவுண்ட், ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும். அதாவது 13,761 அல்லது 10,539 பவுண்ட். முதல் வருடக் கட்டணத்தில் பாக்கி இருந்தால் அதுவும் சேரும். இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஸ்டேட்மெண்டின் கடைசித் தேதிக்கும் விண்ணப்பத்துக்கும் இடையில் 31 நாளுக்கு மேல் போகக் கூடாது. பத்தொன்பதாம் நாள் எல்ஐசி பிரீமியமோ வண்டி இஎம்ஐயோ தானாகக் கழிந்து, மீதி ஒரே ஒரு நாள் அளவுக்குக் கீழே போனாலும் 28 நாள் மறுபடி முதலிலிருந்து. அந்தக் கணக்கிலிருந்து ஆட்டோ டெபிட் எல்லாவற்றையும் முதலில் நிறுத்துங்கள். ரூபாய் சரிந்தாலும் அளவு குறையும் என்பதால் ஐந்து சதவீதம் கூடுதலாக வைப்பது நல்லது.

யாருடைய கணக்கு என்பது அதைவிட முக்கியம். மாணவர், பெற்றோர், சட்டப்படியான பாதுகாவலர், கணவன் அல்லது மனைவி, அவ்வளவுதான். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், ஐயா என்று யார் செலவை ஏற்றாலும் அவர்கள் கணக்கு பிரிட்டனில் செல்லாது. பணத்தை அப்பா அம்மா கணக்குக்கு மாற்றி, அன்றிலிருந்து 28 நாள் எண்ணுங்கள். கூடவே பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் சம்மதக் கடிதமும் வேண்டும். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பு வையுங்கள்.

வளவு வீட்டில் (பங்காளிகளுக்குப் பொதுவான பரம்பரை வீட்டில்) இருக்கிற பங்கு, ஆச்சியின் நகை, நிலத்துக்கு ஆடிட்டர் எழுதிக் கொடுத்த மதிப்புச் சான்று எதுவும் அங்கே பணமாகாது. நகையை ஈடு வைத்துப் பணம் கணக்கில் விழுந்த பிறகுதான் கணக்கு. பங்கு வீட்டை வைத்துக் கல்விக் கடன் வாங்கலாம் என்று நினைப்பவர்கள், பாகம் பிரிக்காத வீடென்றால் எல்லாப் புள்ளிகளின் (பங்குள்ள குடும்பங்களின்) கையெழுத்தையும் வங்கி கேட்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் பெங்களூரில் என்றால் மாதங்கள் ஓடிவிடும். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதே அந்த வேலையையும் தொடங்குங்கள்.

கனடாவுக்குத் தனி ஆளுக்குக் காட்ட வேண்டியது, கல்விக் கட்டணம் போக, 2025 செப்டம்பர் 1 முதல் 22,895 கனடா டாலர் (கியூபெக் தவிர). முன்பு 20,635. ஜெர்மனிக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) வருடம் 11,904 யூரோவும், படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும். அங்கே விசா மறுத்தால் தூதரகத்திடம் மறுபரிசீலனை கேட்கும் வழி 2025 ஜூலை 1 முதல் இல்லை. முதல் விண்ணப்பத்திலேயே எல்லாத் தாளும் சரியாக இருக்க வேண்டும்.

பெயரும் பாஸ்போர்ட்டும்

இனிஷியல் வைத்தே வாழ்ந்த நமக்கு இது ஓயாத தலைவலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று விழும். அது பெயரே இல்லை. ‘முதல் பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கம். வங்கியிலும் வாடகை ஒப்பந்தத்திலும் அதுவே தொடர்ந்து வரும். போகுமுன்பே அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுபடி வாங்குவது மேல். சிவகங்கை மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. அப்பா பெயர் சாத்தப்பன் என்றால், ஒரு தாளில் ஆங்கில எஸ், இன்னொன்றில் சிஹெச் என்று தொடங்குகிறதா பாருங்கள். இருவரும் ஒருவரே என்ற நோட்டரி அஃபிடவிட்டை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டிக் கனடா ஸ்டடி பெர்மிட் (படிப்பு அனுமதி) தராது. படிப்பு முடிந்தும் இரண்டு வருடம் மிஞ்சும்படி புதுப்பித்துக்கொண்டு போங்கள். பிரிட்டனில் இப்போது கார்டு கிடையாது, இணையக் கணக்கில் இருக்கும் இ-விசாதான். பாஸ்போர்ட் மாறியதும் அந்தக் கணக்கில் புது எண்ணைச் சேர்க்காவிட்டால் விமான நிலையத்தில் நிற்க வேண்டிவரும்.

போய்ச் சேர்ந்த பிறகு

வேலை நேரத்தைத் தாளில் குறித்து வையுங்கள். பட்டப்படிப்பு மாணவருக்குப் பிரிட்டனில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி, திங்கள் முதல் ஞாயிறு வரை; போன வாரம் குறைத்ததை இந்த வாரம் ஈடுகட்ட முடியாது. உணவு டெலிவரி ஆப்பில் சொந்தமாக ஓட்டுவது சுயதொழில். ஒரு மணி நேரம் என்றாலும் மீறல்தான். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி, ஆனால் அந்த இரண்டு வாரம் எந்தத் திங்களிலும் தொடங்கும். முதல் வாரம் 10, அடுத்தது 30, அதற்கடுத்தது 20 என்று பார்த்தால், முதல் ஜோடி 40, சரி. இரண்டாவது ஜோடி 50, மாட்டிக்கொண்டீர்கள். கனடாவில் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி.

கனடாவில் கல்லூரி மாற்ற வேண்டுமானால் 2024 நவம்பரிலிருந்து புது பெர்மிட் வேண்டும்; முன்போல ஆன்லைனில் தகவல் மட்டும் கொடுத்தால் போதாது. அமெரிக்காவில் வீடு மாறினால் 10 நாளுக்குள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கே பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா ஸ்டாம்ப் உள்ளே நுழைவதற்கு; தங்கும் உரிமை ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் இருக்கிறது. ஊருக்குக் கல்யாணத்துக்கு வந்தால், திரும்பிப் போக ஸ்டாம்ப் உயிரோடு இருக்கிறதா என்று டிக்கெட்டுக்கு முன்பே பாருங்கள். இப்போது புது விசாவுக்கான நேர்முகத் தேர்வைச் சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் முடிக்கச் சொல்கிறார்கள்.

நீட்டிப்பு விண்ணப்பத்தைப் பழைய அனுமதி முடியும் முன் போட்டுவிட்டால், கனடாவில் முடிவு வரும்வரை பழைய நிபந்தனையிலேயே படிக்கலாம். ஒரு நாள் தாண்டினாலும் அந்த உரிமை போய்விடும். பிறகு 90 நாளுக்குள் நிலையை மீட்கத் தனிக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும், அதுவரை வகுப்புக்கும் வேலைக்கும் போக முடியாது. அதனால் விண்ணப்பம் சேர்ந்ததற்கான ரசீதை, தேதியும் நேரமும் தெரியும்படி, அன்றே பிடிஎஃப் ஆக்கி வீட்டுக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.