அம்பாசடர் இன்ஜினை வீட்டிலேயே பிரிக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கோவை பீளமேட்டிலிருந்து இரண்டு தம்பிகள் கூப்பிட்டார்கள். அப்பா காலத்து அம்பாசடர், மார்க் 3. மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் தின்று, வீட்டு ஷெட்டிலேயே இன்ஜினை இறக்கிப் பிரித்து, லேத் பட்டறைக்கு அனுப்பி, திரும்பக் கோத்து, ஸ்டார்ட்டும் செய்துவிட்டார்கள். "அண்ணா, ஏதோ தட்டுற மாதிரி சத்தம் வருது, ஒரு தடவை வந்து கேளுங்க" என்றார்கள். போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு முன்னால் என் வண்டியில் நான் கேட்ட அதே சத்தம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். போட்டோ எடுத்து வையுங்கள், போல்ட்டைப் பொட்டலம் கட்டிப் பெயர் எழுதுங்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதில் தவறினால் ஒரு சாயங்காலம் வீணாகும், அவ்வளவுதான். நான் சொல்லப்போவது பணத்தைத் தின்னும் தவறுகளை.

பேச்சு முழுக்க அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைப் பற்றி. இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியுடைய பி-சீரிஸ் குடும்பம். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014-ல் வண்டி உற்பத்தி நின்றுபோனாலும், உக்கடத்துப் பழைய சாமான் கடைகளிலும் சென்னை புதுப்பேட்டையிலும் தேடினால் இன்னும் பாகம் அகப்படும். வீட்டில் கற்றுக்கொள்ள இதைவிடப் பொறுமையான இன்ஜினை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பொறுமையே நம்மை ஏமாற்றும். தப்பாகக் கோத்திருந்தாலும் ஸ்டார்ட் ஆகிவிடும்.

ஊஞ்சல் கொக்கியில் இன்ஜினைத் தொங்கவிடுவது

சிரிக்காதீர்கள், நானே செய்திருக்கிறேன். பழைய வீட்டு உத்தரத்தில் ஊஞ்சலுக்கு அடித்த கொக்கியைப் பார்த்தால் யாருக்கும் செயின் பிளாக் மாட்டத் தோன்றும். அதில் ஊஞ்சலாடிய தாத்தா எழுபது கிலோ. இந்த இன்ஜின் கியர்பாக்ஸ் இல்லாமலே 150 கிலோவுக்கு மேல். அதுவும் நேராகத் தொங்காது, வண்டியை விட்டு வெளியே வரும்போது பக்கவாட்டில் இழுக்கும். மூன்று கால் இரும்பு ஸ்டாண்டை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள்.

பிஸ்டன் கைக்கு வராமல் போரிங் போடுவது

எனக்குத் தெரிந்த ஒருவர் பிளாக்கை 20 சைஸுக்குப் போர் அடித்து (தேய்ந்த சிலிண்டரை 20 தௌ, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு, பெரிதாகக் கடைந்து) கொண்டுவந்துவிட்டு, பிறகு பிஸ்டன் தேடிக் கிளம்பினார். கடை கடையாக ஏறியும் 20 கிடைக்கவில்லை. கிடைத்தது 40. மறுபடி போரிங். அந்தப் பிளாக்குக்கு இன்னொரு தடவை போர் அடிக்க இருந்த வாய்ப்பை ஒரே வாரத்தில் செலவழித்துவிட்டார்.

முதலில் பிஸ்டன் செட்டை வாங்குங்கள். நான்கையும் பட்டறைக்காரர் கையில் கொடுத்து, ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்பப் போர் அடிக்கச் சொல்லுங்கள். பெட்டியில் 40 என்று அச்சடித்திருப்பதை நம்பி அடிக்கக் கூடாது. ஒரு கம்பெனி பிஸ்டனுக்கு விட வேண்டிய இடைவெளி இன்னொரு கம்பெனிக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

ரிங்கையும் அப்படியே பிஸ்டனில் மாட்டிவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் அது போகப்போகிற சிலிண்டருக்குள் இறக்கி, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். இந்த இன்ஜினுக்கு 8 முதல் 13 தௌ. குறைந்தால் சூடேறும்போது இரண்டு முனையும் முட்டிக்கொண்டு ரிங் உடையும்.

கனெக்டிங் ராட் கேப்பை மாற்றிப் போடுவது

எண் பார்த்துப் போடுங்கள். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடின் அடியில், கிராங்கைக் கவ்வும் மூடிதான் கேப். ஒரு ராடின் கேப் இன்னொரு ராடுக்கு ஆகாது.

எண்ணெய் வழியைக் கழுவாமல் கோப்பது

இதற்குத்தான் வந்தேன்.

என் வண்டியின் பிளாக் பட்டறையிலிருந்து வந்த அன்று கல்யாணப் பாத்திரம் மாதிரிப் பளபளத்தது. போரிங், ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தீட்டுவது) முடித்து, கிராங்கை 20 சைஸுக்குக் கிரைண்டிங் செய்து (20 தௌ மெலிதாக்கி), எல்லாவற்றிலும் ஆயில் தடவிக் கொடுத்திருந்தார்கள். "கழுவித்தானே இருக்கு?" என்றேன். "கழுவித்தான் சார் இருக்கு" என்றார் கல்லாவில் இருந்தவர். நானும் என் பங்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, காட்டன் வேஸ்ட்டால் துடைத்தேன். பிளாக்கின் பக்கவாட்டில், உள்ளே ஆயில் ஓடத் துளைத்த எண்ணெய் வழியின் முனையில் ஓர் அடைப்பு (திருகி மூடிய பிளக்) இருந்தது. ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. இத்தனை வருஷம் உள்ளே இருந்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதைக் கழற்ற அரை மணி நேரம் ஆகியிருக்குமா? இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஸ்டார்ட் செய்ததும் தையல் மிஷின் மாதிரி ஓடியது. இரண்டு வாரம் ஊருக்குள் ஓட்டினேன். அப்புறம் குடும்பத்தோடு பழனிக்குப் போனேன். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது உடுமலைப்பேட்டை தாண்டியதும், ஆக்ஸிலேட்டரை விடும்போதெல்லாம் அடியில் டொக் டொக் என்று ஒரு சத்தம். ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி ஐட்லிங்கில் விட்டால் ஆயில் விளக்கு மினுக்குகிறது. மனைவியையும் பிள்ளைகளையும் பஸ் ஏற்றிவிட்டு, நான் வண்டியோடு லாரிக்குப் பின்னால் கயிற்றில் வந்தேன்.

அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, கிராங்கைத் தாங்கும் அரைவட்டப் பட்டையான பேரிங் ஷெல்லைக் கையில் எடுத்தால், வழவழவென்று இருக்க வேண்டிய சாம்பல் நிறப் பரப்பில் கறுப்புப் பொடி பதிந்து கிடந்தது, அம்மியில் ஒட்டிய மிளகு மாதிரி. கிராங்கின் மேல் நகத்தை ஓட்டினால் கோடு கோடாகத் தட்டுப்பட்டது. 20 சைஸுக்கு அடித்து ஒரு மாதம்கூட ஆகாத கிராங்க் மறுபடி 30-க்குப் போனது. புது ஷெல், புது கேஸ்கெட், மறுபடி இறக்கி ஏற்றும் வேலை. அந்த மாதச் சம்பளம் அப்படியே போனது.

நடந்தது என்னவென்றால், போரிங் போடும்போது வார்ப்பிரும்புத் தூள் பறக்கும். ஹோனிங் கல் தேயும்போது அதைவிடக் கடினமான கல் பொடி உதிரும். இரண்டும் எண்ணெயோடு சேர்ந்து சாந்து மாதிரி ஆகி, திறந்திருக்கிற துளைகளுக்குள் எல்லாம் போய் உட்காரும். பழைய இன்ஜினில் ஏற்கெனவே முப்பது நாற்பது வருஷத்து ஆயில் கசடு அங்கே காய்ந்து கிடக்கும். புது ஆயில் சூடாகி ஓடத் தொடங்கியதும் அத்தனையும் கரைந்து கிளம்பும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒன்றிரண்டு தௌதான். ஒரு தலைமுடியின் கனம் அவ்வளவு இருக்கும்.

இதைச் சொன்னால் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பதில்தான் சொல்வார்கள்: "அதான் ஆயில் ஃபில்டர் இருக்கே!" பீளமேட்டுத் தம்பியும் அதையே சொன்னான். ஆயில் போகிற பாதையை ஒரு காகிதத்தில் வரைந்து பாருங்கள். சம்ப்பிலிருந்து பம்ப், பம்ப்பிலிருந்து ஃபில்டர், ஃபில்டரிலிருந்து பிளாக்கின் நீள வழி, அங்கிருந்து மெயின் பேரிங், கிராங்குக்குள் துளைத்த சாய்வு வழியாகப் பிக் எண்ட் (ராடின் அடிமுனை பேரிங்). அழுக்கு இருப்பது ஃபில்டரைத் தாண்டிய பிறகு. அது பேரிங்கைத் தின்றுவிட்டு, சம்ப்பில் விழுந்து, அடுத்த சுற்றில்தான் ஃபில்டருக்கு வரும். காவல்காரன் முன்வாசலில் நிற்கிறான், திருடன் வீட்டுக்குள்ளேயே படுத்திருக்கிறான்.

மண்ணெண்ணெய் மட்டும் போதாது. அது எண்ணெயைக் கரைக்கும். பொடியை ஹோனிங் கீறலுக்குள் அப்படியே விட்டுவிடும். நான் இப்போது செய்வது இதுதான். பட்டறைக்கு அனுப்பும் முன்பே எண்ணெய் வழியின் முனைகளில் உள்ள அடைப்புகளை எல்லாம் கழற்றிவிடுவேன். இறுகிப்போனதைச் சூடு காட்டியோ துளைத்தோ எடுத்தாக வேண்டும். பட்டறையிலிருந்து வந்ததும் முதலில் மண்ணெண்ணெய். பிறகு கொதிக்கக் கொதிக்க வெந்நீர், சோப்புத் தூள், முரட்டு பிரஷ். சிலிண்டர் சுவரைத் துணி துவைக்கிற மாதிரித் தேய்க்க வேண்டும். நீள வழிக்குள் போக நீளமான கம்பி பிரஷ் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சைக்கிள் பிரேக் கேபிளின் நுனியைப் பிரித்துவிட்டாலே பிரஷ் ஆகிவிடும். உள்ளே விட்டுச் சுழற்றி, சோப்புத் தண்ணீர் ஊற்றி, இரண்டு பக்கத்திலிருந்தும் கம்ப்ரசர் காற்று அடிக்க வேண்டும். அடைப்பைக் கழற்றாமல் காற்று மட்டும் அடித்தால் குப்பை மூலையில் போய் இன்னும் இறுகும்.

கிராங்கின் ஒவ்வொரு துளையையும் இதே மாதிரி. ஆயில் பம்ப்பையும் பிரித்துக் கழுவுங்கள். ஹெட்டின் மேல் வால்வு ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்ட் உள்ளே குழாய், அதன் முனை அடைப்பைக் கழற்றிப் பார்த்தால் பழைய கசடு மை மாதிரி வரும்.

காட்டன் வேஸ்ட் வேண்டாம். அதன் நூலே ஒரு குப்பை. பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, ஆயிலில் நனைத்துச் சிலிண்டரைத் துடையுங்கள். துணி சாம்பலாக வருகிற வரைக்கும் கழுவி முடியவில்லை என்று அர்த்தம். முடிந்ததும் டீ குடிக்கப் போகாதீர்கள். ஈரம் காயும் முன்பே வார்ப்பிரும்பில் துரு ஏறத் தொடங்கிவிடும். காற்றடித்து உடனே ஆயில் தடவுங்கள்.

பழனியிலிருந்து வந்த கையோடு அந்தப் பட்டறைக்குச் சண்டைக்குப் போனேன். "போரிங் எங்க வேலை, கோக்கறதுக்கு முன்னாடி கழுவறது கோக்கறவன் வேலை சார்" என்றார்கள். அன்றைக்கு ஆத்திரமாக வந்தது. கழுவியாயிற்று என்று சொன்னது பொய்தான். ஆனாலும் அந்த அடைப்பில் ஸ்பேனரைப் போட்டுவிட்டு எடுத்தவன் நான்தானே.

தண்ணீர்ப் பக்கத்தை மறப்பது

ஆயில் பக்கம் சுத்தமானதும் பலருக்குக் கை ஓய்ந்துவிடும். பிளாக்கின் தண்ணீர் வழியை மூடியிருக்கும் தகட்டு மூடிகளான வெல்ஷ் பிளக்குகளைத் தட்டி எடுத்து, நான்காவது சிலிண்டரைச் சுற்றி ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். கிணறு தூர் வாரின மாதிரித் துருச் சேறு வரும். அதை விட்டுவைத்தால் புது பிஸ்டனும் பழைய சூட்டிலேயே ஓடும். பிளக்குகளைப் புதிதாகவே போடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

சிலிக்கானை அப்பிவிடுவது

கசியாமலிருக்க மூட்டுகளில் தடவும் இந்தப் பசை, வெளியே பிதுங்குகிற அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது புழு மாதிரி உதிர்ந்து சம்ப்பில் உள்ள சல்லடையான ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைக்கும்.

பின்பக்க மெயின் பேரிங் கசிவோடு மல்லுக்கட்டுவது

அங்கே ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் மரை மட்டும்தான். கொஞ்சம் கசியும். கீழே ஒரு தட்டு வையுங்கள்.

ஆயில் ஏறாமல் ஸ்டார்ட் செய்வது

மூன்று மாதம் பொறுத்தவர்கள் கடைசி பத்து நிமிஷம் பொறுக்க மாட்டார்கள். வீட்டில் எல்லாரும் வாசலில் வந்து நிற்பார்கள், தேங்காய்கூடத் தயாராக இருக்கும். ஆனால் பம்ப் காய்ந்து கிடக்கும். கோக்கும்போதே பம்ப்பை ஆயிலால் நிரப்புங்கள். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றுங்கள் (அம்பாசடரில் அந்த வசதி இருப்பது இதற்காகவாவது உதவட்டும்). பிறகு பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து, கேஜில் பிரஷர் ஏறுகிறதா அல்லது விளக்கு அணைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிளக்கை மாட்ட வேண்டும்.

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், டாப்பெட் இரண்டும் புதிதாகப் போட்டிருந்தால் முதல் இருபது நிமிஷம் ஐட்லிங்கில் விடாதீர்கள். நிமிஷத்துக்கு 2000 சுற்றுக்குப் பக்கத்தில், கொஞ்சம் ஏற்றி இறக்கி ஓட விடுங்கள். மெதுவாக ஓடும்போது கேம் முனைக்கு ஆயில் போதுமான அளவு தெறிக்காது. ஆறியதும் ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேனுவலில் சொன்ன வரிசைப்படி மறுபடி டார்க் வைத்து (டார்க் ரென்ச்சால் அளந்து இறுக்கி), டாப்பெட் இடைவெளியையும் பாருங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

பீளமேட்டு இன்ஜினை மறுபடி இறக்கிவிட்டோம். தம்பிகள் நாற்பது கிலோமீட்டரிலேயே நிறுத்தியதால் கிராங்கில் கோடு ஆழமாக விழவில்லை. பாலிஷிலேயே சரியாகிவிடும் என்றார் பட்டறைக்காரர், ஷெல் மட்டும் புதிது. எண்ணெய் வழியின் அடைப்பைத் துளைத்து எடுத்து, கேபிளை விட்டு இழுத்தபோது வந்ததைச் சின்னத் தம்பி ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு ஷெட் ஜன்னலில் வைத்திருக்கிறான். அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கறுப்பு மணல்.