காசநோய்க் கண்காணிப்பு: சளிக் குப்பியிலிருந்து பதிவேடு வரை

ஆய்வக வசதி குறைந்த நாடுகளில் காசநோய்க் கணக்கு பெரும்பாலும் மூன்று இடங்களில் தப்பாகிறது. ஆய்வகத்தில் பாசிட்டிவ் என்று வந்தவர் சிகிச்சைப் பதிவேட்டுக்கு வந்து சேர்வதில்லை. ஒரே ஆள் இரண்டு மையங்களில் இரண்டு நோயாளியாகப் பதிவாகிறார். காசநோய்க் கிருமியே அல்லாத வேறொரு மைக்கோபாக்டீரியம், அதாவது அதே பேரினத்தைச் சேர்ந்த உறவுக்காரக் கிருமி, காசநோயாக எண்ணப்படுகிறது. புது எந்திரம் வாங்கினால் மூன்றாவது மட்டும் ஓரளவு சரியாகும். முதல் இரண்டுக்கும் வேண்டியது ஒழுங்கான எண்ணும், பதிவேட்டை வாரம் ஒருமுறை புரட்டிப் பார்க்கும் ஆளும்தான்.

எண்

சளிக் குப்பியைக் கையில் கொடுக்கும் முன்பே நபருக்கு எண் கொடுத்துவிடுங்கள். முதல் மாதிரிக்கு அதே எண்ணோடு 1, அடுத்ததற்கு 2. கல்ச்சரில், அதாவது சளியை ஊடகத்தில் இட்டு வளர்க்கும் சோதனையில், கிருமி வளர்ந்தால் அதற்கும் அந்த எண்ணே வேர். ஆய்வகம் தன் வசதிக்காகத் தனி வரிசை எண் போடும். போடட்டும், பக்கத்துக் கட்டத்தில் நபர் எண் இருந்தால் போதும். குப்பியின் உடம்பில் எழுதுங்கள், மூடியில் வேண்டாம். ஒரே நேரத்தில் நாலு குப்பி திறந்தால் மூடிகள் மாறிவிடும்.

பதிவேட்டில் பெயர், பாலினம், வயது, ஊர், தொலைபேசி எல்லாம் வழக்கமானவை. பலர் காலியாக விடும் இரண்டு கட்டங்கள்தான் முக்கியம். ஒன்று, முன்பு காசநோய் மருந்து ஒரு மாதமோ அதற்கு மேலோ சாப்பிட்டாரா என்பது. உலக சுகாதார நிறுவன வரையறைப்படி அதைவிடக் குறைவாகச் சாப்பிட்டவர் புது நோயாளி. மற்றவர் ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர். மருந்து எதிர்ப்புக் கணக்கு முழுவதும் இந்தப் பிரிவில்தான் நிற்கிறது. இன்னொன்று, பரிசோதனை நோயறியவா, சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கவா என்பது. இதை விட்டுவிட்டால் சிகிச்சையின் இரண்டாம் மாதத்தில் சளியைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்த ஸ்லைடெல்லாம் புது நோயாளியாகிவிடும்.

வாரம் ஒருநாள் ஆய்வகப் பதிவேட்டையும் சிகிச்சைப் பதிவேட்டையும் எதிரெதிரே வைத்து, பாசிட்டிவ் ஒவ்வொருவரையும் டிக் செய்யுங்கள். டிக் விழாதவர்தான் கைநழுவியவர். அவர் முகவரி அன்றே களப்பணியாளர் கைக்குப் போக வேண்டும். அவரைத் தேடிக் கிடைக்காவிட்டாலும் கணக்கிலிருந்து எடுக்கக் கூடாது. எடுத்தால் குணமானோர் சதவீதம் அழகாக ஏறும், நோய் தெருவில் இருக்கும்.

இரட்டைப் பதிவைப் பிடிக்க பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பெயர் மூன்று ஊழியர் கையில் மூன்று எழுத்துக்கூட்டலில் வரும்; வயது 5, 0 என்று முடியும் எண்களில் குவியும்; ஒரே தொலைபேசி எண் வீடு முழுவதுக்கும் இருக்கும். பாலினம் ஒன்றாகவும், வயது இரண்டு மூன்று வருட வித்தியாசத்துக்குள்ளும், ஊர் ஒன்றாகவும் இருக்கும் ஜோடிகளைத் தனியே எடுத்து, கண்ணால் பார்த்து முடிவு செய்வதே பாதுகாப்பு. கணினி தானாகவே இணைத்துவிட்டால் அண்ணன் தம்பி ஒரே ஆளாகிவிடுவார்கள்.

மாதிரி

3 முதல் 5 மி.லி. சளி வேண்டும், திறந்தவெளியில் எடுத்தது. உடனே அனுப்ப முடியாவிட்டால் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். வெயிலில் இரண்டு நாள் கிடந்த சளியில் மற்ற பாக்டீரியாக்கள் பெருகி கல்ச்சரை அழித்துவிடும்.

ஸ்லைடு பாசிட்டிவ் ஆக ஒரு மி.லி. சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகள் வேண்டும். கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் எந்திரச் சோதனையான ஜீன்எக்ஸ்பர்ட் அல்ட்ரா அதே அளவில் சுமார் 16 இருந்தாலே காட்டும். ஆனால் அது செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் காட்டுவதால் சிகிச்சையின் முன்னேற்றத்தைப் பார்க்க உதவாது. அதற்கு ஸ்லைடும் கல்ச்சரும்தான். ‘ட்ரேஸ்’ (மிக மிகச் சிறிய அளவு) என்று ஜீன்எக்ஸ்பர்ட் அல்ட்ரா தரும் முடிவைப் பதிவேட்டில் சாதாரண பாசிட்டிவோடு கலக்காமல் தனியாக எழுதுங்கள். குழந்தை, எச்.ஐ.வி. உள்ளவர், நுரையீரலுக்கு வெளியே எடுத்த மாதிரி என்றால் அதைக் காசநோயாகவே கொள்ளலாம். சில ஆண்டுகளுக்கு முன் மருந்து சாப்பிட்டு முடித்தவரிடம் அது பழைய மிச்சமாக இருக்கலாம்.

கல்ச்சருக்கு முன், மற்ற பாக்டீரியாக்களைக் கொல்ல சளியைச் சுத்திகரிக்கும் கட்டத்தில்தான் அதிகம் கெடுகிறது. 4% சோடியம் ஹைட்ராக்சைடும் 2.9% சோடியம் சிட்ரேட்டும் சம அளவு கலந்து, 100 மி.லி.க்கு 0.5 கிராம் என்.ஏ.எல்.சி. (சளியை இளக்கும் பொருள்) சேருங்கள். சேர்த்த கலவை அன்றைக்கு மட்டும். சளி எவ்வளவோ அவ்வளவு ஊற்றி, கலக்கி, 15 நிமிடம் விடுங்கள். 20ஐத் தாண்டினால் காசநோய்க் கிருமியும் சாகும். பிறகு பி.எச். 6.8 பாஸ்பேட் பஃபரை 45 மி.லி. கோடு வரை நிரப்பி 3,000 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல 3,000 மடங்கு) 15 நிமிடம் சுழற்ற வேண்டும். பலர் இதை 3,000 சுற்று என்று படித்துவிடுகிறார்கள். ரோட்டரின் ஆரம் 16 செ.மீ. என்றால் 3,000 ஜி வர நிமிடத்துக்குச் சுமார் 4,100 சுற்று தேவை. அதைவிடக் குறைந்தால் மெழுகுச் சுவருள்ள இந்தக் கிருமி அடியில் படியாமல் மிதந்து, கொட்டும் நீரோடு போய்விடும். மூடி இறுகிய பக்கெட்டுகளில் சுழற்றி, நின்றதும் சில நிமிடம் பொறுத்து, பாதுகாப்பு கேபினெட்டுக்குள் வைத்தே திறக்க வேண்டும்.

எல்.ஜே. (முட்டை கலந்த கல்ச்சர் ஊடகம்) குழாய்களில் 3 முதல் 5 சதவீதம் அழுக்காவது, அதாவது வேறு கிருமி வளர்ந்து கெடுவது, சரியான அளவு. அதற்கு மேல் போனால் மாதிரி தாமதமாகிறது அல்லது சுத்திகரிப்பு போதவில்லை. குறைந்தால் மகிழ வேண்டாம்: காரம் அதிகமாகி நாம் தேடும் கிருமியையே கொல்கிறோம் என்று பொருள்.

பஃபர் பாட்டிலின் வாய் குழாயைத் தொட்டால் ஒரு நோயாளியின் கிருமி அடுத்தவருக்குத் தாவும். ஒவ்வொரு தொகுதிக்கும் தனியாகப் பிரித்த பஃபர், ஒரு நேரத்தில் ஒரு குழாய், கடைசியில் வெறும் நீர் வைத்த ஒரு கட்டுப்பாட்டுக் குழாய். ஸ்லைடு நெகட்டிவ், நாலைந்து காலனி மட்டும், அதே நாளில் 3+ (கிருமி மிக அதிகமுள்ள) மாதிரி பக்கத்தில் இருந்தது என்று மூன்றும் சேர்ந்து வந்தால், அந்த முடிவை அனுப்பும் முன் மறுபடி சளி கேளுங்கள்.

உறவுக்காரக் கிருமிகள்

ஸ்லைடில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் காசநோய் அல்ல. ஸ்லைடு பாசிட்டிவ், ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ் என்றால் காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியத்தை, அதாவது என்.டி.எம்.மைச் சந்தேகியுங்கள். இது தெரியாமல் ஸ்லைடை மட்டும் வைத்து நடத்தும் இடங்களில், மருந்து கேட்காத என்.டி.எம். நோயாளி ‘சிகிச்சை தோல்வி’ என்றும், பிறகு பலமருந்து எதிர்ப்புக் காசநோய் என்றும் பதிவாவார்.

வளர்ந்த கிருமியை முதலில் ஸ்லைடில் பாருங்கள். ரத்த அகார் தட்டில் ஒரு நாள் வைத்து வேறு பாக்டீரியா கலக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். அதன்பின் காசநோய்க் குழுக் கிருமிகள் சுரக்கும் எம்.பி.டி.64 புரதத்தைக் காட்டும் பட்டை, 15 நிமிடத்தில் கோடு வந்தால் காசநோய்க் குழு. கோடு வராவிட்டால் உடனே என்.டி.எம். என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் புரதத்துக்கான மரபணு மாறிய காசநோய்க் கிருமிகளும், தடுப்பூசிக் கிருமியான பி.சி.ஜி.யின் சில வகைகளும் கோடு காட்டாது. மி.லி.க்கு 500 மைக்ரோகிராம் பாரா-நைட்ரோபென்சாயிக் அமிலம் சேர்த்த எல்.ஜே.யில் போட்டுப் பாருங்கள்: காசநோய்க் குழு வளராது, என்.டி.எம். வளரும்.

ஏழு நாளுக்குள் வளர்ந்த குழாய்களை ‘அழுக்கு’ என்று தூக்கிப் போடும் வழக்கம் பல ஆய்வகங்களில் இருக்கிறது. வேகமாக வளரும் என்.டி.எம்.களான அப்செஸ்ஸஸ், ஃபோர்ட்யூட்டம் வகைகள் அங்கேதான் தொலைகின்றன. ஊசி போட்ட இடத்திலோ லேப்ராஸ்கோப்பி துளையிலோ வாரக்கணக்கில் ஆறாத சீழ்க்கட்டி என்றால் இவற்றைத் தேட வேண்டும். அப்படி இரண்டு மூன்று பேர் ஒரே இடத்திலிருந்து வந்தால், கருவிகளைக் கழுவும் நீரிலிருந்தும் மாதிரி எடுங்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. குழாய் நீரில் வாழும் கோர்டோனே என்ற என்.டி.எம். ஒருவரின் சளியில் ஒருமுறை வந்தால் அது பெரும்பாலும் நீரிலிருந்து வந்ததே. அறிகுறியும் எக்ஸ்ரே மாற்றமும் இருந்து, தனித்தனியாக எடுத்த இரண்டு சளிகளில் ஒரே வகை வளர்ந்தால்தான் நுரையீரல் நோயாகக் கணக்கிடலாம்.

மாட்டுக் காசநோய்க் கிருமியான போவிஸ், கிளிசரால் சேர்த்த எல்.ஜே.யில் நன்றாக வளராது; பைருவேட் சேர்த்த ஊடகம் ஒன்று கூட வையுங்கள். பைராசினமைடு என்ற காசநோய் மருந்துக்கு இயல்பாகவே எதிர்ப்புள்ள கிருமி அது, ஜீன்எக்ஸ்பர்ட் அதைப் பிரித்துச் சொல்லாது. தொழுநோய்க் கிருமி எந்த ஊடகத்திலும் வளராது. அங்கே கண்காணிப்பு என்பது தோல் கீறல் ஸ்லைடும், புது நோயாளிகளில் குழந்தைகள் எத்தனை, இரண்டாம் நிலை ஊனத்தோடு (கண்ணுக்குத் தெரியும் ஊனம்) வந்தவர் எத்தனை என்ற கணக்கும்தான்.

யாரிடமிருந்து யாருக்கு

நோய் யாரிடமிருந்து யாருக்குப் பரவியது என்று அறிய நோயாளிகளின் கிருமிகளை ஒப்பிட வேண்டும். மரபணு ஒப்பீட்டில் ஸ்பாலிகோடைப்பிங் என்ற முறை மலிவு: கிருமியின் டி.என்.ஏ.வில் 43 இடங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும். பீஜிங் குடும்பம் என்ற காசநோய்க் கிருமி வகையில் முதல் 34 இடங்கள் இருக்காது, அதனால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். இதை மட்டும் வைத்துப் பரவல் என்று சொன்னால் ஊரே ஒரே தொடராகிவிடும். டி.என்.ஏ.வின் 24 இடங்களில் ஒரே துண்டு எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணும் மிரு-வி.என்.டி.ஆரையும் சேருங்கள். தென்னிந்தியக் கிருமிகளில் பலவற்றில் ஐ.எஸ்.6110 என்ற டி.என்.ஏ. துண்டு ஒரே பிரதியாகவோ இல்லாமலோ இருப்பதால் அந்தத் துண்டுகளின் அமைப்பை வைத்துக் கிருமிகளை ஒப்பிடும் கைரேகை முறை அங்கே பயன்படாது. முழு மரபணு வரிசை கிடைத்தால், இரண்டு கிருமிகளுக்கிடையே டி.என்.ஏ.வில் 5 எழுத்து வரை வித்தியாசம் அண்மைப் பரவலாகவும், 12ஐத் தாண்டினால் தொடர்பில்லாததாகவும் கொள்வது வழக்கம். நோயாளிகளில் கால்வாசிப் பேரின் கிருமி மட்டும் கைவசம் இருந்தால், இணைப்புகளில் பெரும்பகுதி கண்ணுக்கே படாது.

இதற்கெல்லாம் கிருமி பத்திரமாக இருக்க வேண்டும். கிளிசரால் சேர்த்த 7எச்9 என்ற திரவ ஊடகத்தில் இரண்டிரண்டு குப்பி, மைனஸ் 70 டிகிரி அல்லது அதற்குக் கீழே, வெவ்வேறு ஃப்ரீசர்களில். ஸ்பிரிட் பட்டாலும் அழியாத பேனாவால், முதல் நாள் நபருக்குக் கொடுத்த எண்ணை எழுதுங்கள்.